ஓய்வுப் பொழுதும் உடலுள நலமும்

ஒரு நாளை மூன்று கூறாகப் பகுத்தல் உலக வழக்கு. உழைக்கும் பொழுது ஒன்று. உறங்கும் பொழுது ஒன்று. இவ்விரண்டிற்கும் இடையே எஞ்சி நிற்கும் ஓய்வுப் பொழுது மற்றொன்று. உழைப்பின் அருமையை ஆன்றோர் பலர் எழுதியுள்ளனர். உறக்கத்தின் இன்றியமையாமையை மருத்துவர் எடுத்துரைக்கின்றனர். ஆயின் எஞ்சிய அச்சில நாழிகைகளை எவ்வாறு பயன்கொள்வது என்று எண்ணுவோர் நம்மில் மிகச் சிலரே. அவை தாமே வந்து தாமே கழிவன, அவற்றால் ஆவதுமில்லை, கெடுவதுமில்லை என்பது பலர்தம் நினைவு. அந்நினைவு பொருந்தாது என்பதையும், அப்பொழுதில் ஒருவர் விரும்பி மேற்கொள்ளும் சிறு தொழில் உடலுக்கும் உள்ளத்துக்கும் எங்ஙனம் துணைபுரிகின்றது என்பதையும், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தார் ‘ஹாபி’ என்பதனை நாம் ‘பொழுதுபோக்கு’ என்கின்றோம். இச்சொல் சிறிது மயக்கந் தருவது. திண்ணையிற் சாய்ந்து தெருவை நோக்கியிருத்தலும் பொழுதுபோக்கே. கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே நள்ளிரவு வரை விழித்திருத்தலும் பொழுதுபோக்கே. யாம் கருதுவன இவையல்ல. கூலி கருதாமலும், பிறர் ஏவலின்றியும், தன் உவப்பொன்றே காரணமாக ஒருவர் மீண்டும் மீண்டும் மேற்கொள்ளும் செயலையே இக்கட்டுரையில் அச்சொல்லாற் குறிக்கின்றோம். அதற்கு மூன்று இயல்புகள் உண்டு. அது தானே விரும்பி ஏற்றதாதல் வேண்டும். கையோ காலோ கண்ணோ கருத்தோ அதன்கண் உண்மையாக ஈடுபடுதல் வேண்டும். நாள் செல்லச் செல்ல அறிவோ திறனோ அதனால் வளர்தல் வேண்டும். தோட்டமிடுதல், பறவை நோக்குதல், நீந்துதல், இசை பயிலுதல், கோலமிடுதல், பந்தாடுதல் ஆகிய யாவும் இவ்விலக்கணத்துள் அடங்கும்.

இஃது ஏதோ மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று கருதற்க. நெய்தல் நிலத்து மகளிர் கடற்கரை மணலில் வண்டற்பாவை செய்ததையும், நண்டினை ஓடச் செய்து ஆடும் அலவனாட்டு நிகழ்த்தியதையும் சங்கப் பாடல்களிற் காண்கின்றோம். அப்பாடல்களில் வரும் பரதவர் வளமிக்க வாழ்வினர் அல்லர். வலை இழுத்தும் மீன் உணக்கியும் உழைத்தவர். உழைப்பு மிகுந்த அவ்வாழ்விலும் விளையாட்டுக்கு ஓர் இடம் இருந்தது. சங்கத்தார் பாடிய நெய்தலை ஒத்த உவர்மணற் கரைதான் இன்று நம் பழவேற்காட்டைச் சூழ்ந்து கிடக்கின்றது.

அக்கரைக்கு மேற்கே நிலத்தின் தோற்றம் முற்றிலும் வேறு. சென்னையிலிருந்து வடக்கு நோக்கி எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் புறநகர் மின்தொடர் கும்மிடிப்பூண்டியில் நிற்கின்றது. 1971-ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்கே ஒரு பெருந் தொழில் வளாகத்தை அமைத்தது. இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகள், இரசாயனப் பொருள் செய்யும் ஆலைகள் எனப் பலவகைத் தொழில்கள் அவ்வட்டாரத்தில் நடைபெறுகின்றன. சற்றுத் தொலைவில் தேர்வாய்கண்டிகையில் மற்றொரு வளாகம் உண்டு. மாவட்டத்தின் மேற்குப் புறத்தே ஆவடி முதல் திருவள்ளூர் வரை இருப்புப்பாதையின் இருமருங்கும் தொழிற்கூடங்கள் நிறைந்துள்ளன. உள்ளூராரேயன்றி, ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களினின்று வந்தோரும் இவற்றில் வேலை செய்கின்றனர். பகலில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டமெனத் தொழிலாளர் ஷிப்டு மாறுகின்றனர். நம் மாணவர் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் அக்கூட்டங்களில் உள்ளனர். பட்டம் பெற்ற சின்னாளில் நம்மிற் சிலரும் அவர்களோடு நிற்போம். ஆதலின் இஃது ஏட்டளவில் நின்றுவிடும் பொருளன்று. நம் இல்லங்களைப் பற்றிய பொருள்.

ஓய்வுப் பொழுது எவரும் கொடையாக அளித்ததன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பெரம்பூர்ப் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய திரு. வி. கலியாணசுந்தர முதலியார் துணைத்தலைவர்களுள் ஒருவர். ஆலைத் தொழிலாளர் அந்நாளில் முன்வைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதாது என்பதாகும். சில நிமிட ஓய்வுக்காகவே ஒரு சங்கம் போராடவேண்டியிருந்தது. 1919-இல் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்னும் வரம்பை வகுத்தது. 1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கும், நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கும் மேற்பட்டு வேலை வாங்குதல் கூடாது என விதித்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் ஒன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அது திரும்பப் பெறப்பட்டதென அவ்வாண்டு மே நாளில் முதலமைச்சர் அறிவித்தார். இவ்வாறு நூறாண்டுக்கு மேலாகப் பேணிக் காக்கப்பட்டுவரும் பொழுதினை வெறிதே கழித்தல் தகுமோ?

இனி உடலுக்கு வரும் நன்மையை நோக்குவோம். இலண்டன் மாநகரில் ஜெரெமி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் பேருந்துத் தொழிலாளரிடையே ஓர் ஆய்வு நிகழ்த்தி, அதன் முடிவுகளை 1953-இல் வெளியிட்டனர். அந்நகரப் பேருந்துகள் இரண்டு அடுக்கு உடையவை. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பர். நடத்துநரோ நாள்தோறும் பலநூறு படிகள் ஏறி இறங்குவர். ஒரே நிறுவனத்தில் ஒரே வண்டியில் வேலை செய்யும் இவ்விருவகையாருள், இதயக் குருதிக்குழாய் நோய் ஓட்டுநரிடை மிகுந்தும் நடத்துநரிடைக் குறைந்தும் காணப்பட்டது. உடலியக்கத்திற்கும் இதய நலத்திற்கும் உள்ள தொடர்பினை உலகம் ஆராயத் தொடங்கியதற்கு இவ்வாய்வு பெருங் காரணமாயிற்று. மோரிஸ் குழுவினர் 1973-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. மேசை முன் அமர்ந்து பணிபுரியும் அரசு அலுவலருள், ஓய்வு நாட்களில் வியர்வை வர உடலை இயக்கியோர்க்கு அந்நோய் குறைவாகவே வந்ததென அது காட்டிற்று.

‘நாள் முழுதும் உழைக்கும் தொழிலாளிக்கு மேலும் உடலியக்கம் எதற்கு?’ என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. ஆயின் உழைப்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. இயந்திரத்தின் முன் ஒரே நிலையில் எட்டு மணி நேரம் நிற்பவனுக்குச் சில தசைகள் ஓயாது வருந்துகின்றன. ஏனையவை சோம்பிக் கிடக்கின்றன. சுமை தூக்குவோனுக்கு இதயத்துடிப்பும் குருதியழுத்தமும் நெடுநேரம் உயர்ந்தே நிற்கின்றன; வேண்டும்போது நின்று இளைப்பாற அவனுக்கு உரிமை இல்லை. விரும்பிச் செய்யும் நடையிலோ ஆட்டத்திலோ உடல் சிறிது நேரம் முழுவதும் இயங்கிப் பின்னர் இளைப்பாறுகின்றது. வேகமும் அளவும் நம் வசத்தன. இதனாற்றான் வேலையிடத்து உழைப்பும் ஓய்வுப்பொழுதின் உடலியக்கமும் ஒரே பயனைத் தருவன அல்ல என்று டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் சிலர் அண்மைக் காலத்தில் வற்புறுத்தி வருகின்றனர். இக்கருத்தில் அறிஞரிடை இன்னும் வாதம் நிகழ்கின்றது. எனினும், ‘ஆலையில் உழைக்கிறேன், அதுவே எனக்குப் போதும்’ என்று அமைந்திருத்தற்கு இடமில்லை என்பது தெளிவு.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் கொள்ளுதல் நன்று என்கின்றது. நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 20 நிமிடமே போதுமானது. ஆயினும் ‘நாளை முதல் நடப்பேன்’ என்று தொடங்குவோர் பலர். ஒரு திங்கள் கழித்தும் நடப்போர் சிலர். காரணம் யாதெனின், நடத்தல் நடத்தலுக்காகவே என்றாகுங்கால் அது மருந்துண்பது போலாகின்றது. பறவையைக் காணச் செல்வோனோ தான் நடப்பதையே மறந்துவிடுகின்றான். ஏரிக்கரையில் மூன்று கல் தூரம் அவன் கால்கள் தாமே செல்கின்றன. செடிக்கு நீர் சுமப்போன் குனிந்து நிமிர்வதைக் கணக்கிடுவதில்லை. உடற்பயிற்சியை நாள்தோறும் நிலைபெறச் செய்யும் ஆற்றல் விருப்பத்திற்கே உண்டு. பொழுதுபோக்கு உடலுக்குச் செய்யும் முதற்பேருதவி இதுவே.

உள்ளத்திற்கு வரும் நன்மை இதனினும் நுண்ணியது. மனம் வெறுமையால் இளைப்பாறுவதில்லை, மாற்றத்தாலேயே இளைப்பாறுகின்றது. வேலை முடிந்து வந்து சும்மா படுத்திருக்கும் ஒருவன் உள்ளத்தில் மேற்பார்வையாளர் சொன்ன கடுஞ்சொல்லும், தவணைக் கடனும், தங்கையின் திருமணமும் மாறிமாறிச் சுழன்றுகொண்டே இருக்கும். ‘நினையாதே’ என்று மனத்திற்கு ஆணையிட்டால் அது கேட்பதில்லை. அதற்கு வேறொன்றைக் கொடுத்தல் வேண்டும். 1915-இல் தார்தனெல்ஸ் போர் முயற்சி தோல்வியுற்றுப் பதவி இழந்த வின்ஸ்டன் சர்ச்சில், அத்துயரக் காலத்திற்றான் முதன்முதல் வண்ணத்தூரிகையைக் கையிலெடுத்தார். பின்னர் வாழ்நாள் முழுதும் அதனைக் கைவிடவில்லை. அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடன்று; எனினும் துன்புற்ற மனத்திற்கு மாற்றுத்தொழில் மருந்தாகும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

அன்றியும், பொழுதுபோக்கில் தவறு நேரின் எவரும் தண்டிப்பதில்லை. ஆலையில் ஒரு கம்பி பிழைப்பட்டால் கணக்குக் கேட்பர். தோட்டத்தில் ஒரு கத்தரிச்செடி பட்டுப்போனால் மற்றொன்று நடலாம். ஆலைத்தொழிலில் ஒருவன் செய்வது முழுப்பொருளின் ஒரு சிறு பகுதியே. முடிந்த பொருளை அவன் காண்பதும் அரிது. தன் கையால் விதைத்ததைத் தன் கையாலேயே பறிக்கும்போது, தொடங்கியதை முடித்தேன் என்னும் நிறைவு அவனுக்குக் கிடைக்கின்றது. தனியறையில் மொழி தெரியா ஊரில் வாழும் வெளிமாநில இளைஞனுக்கோ, மாலையில் ஆடும் கைப்பந்து ஆட்டமே முதல் நண்பர்களைத் தேடித் தருகின்றது. பந்து வீசுவதற்கு மொழி வேண்டுவதில்லை.

இவற்றை ஆராய்ச்சியாளரும் அளந்து பார்த்துள்ளனர். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 16 நாடுகளைச் சேர்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆகிய 93,263 பேரின் விவரங்களை ஒருங்கு வைத்து நோக்கிற்று. பொழுதுபோக்கு உடையோரிடை மனச்சோர்வின் குறிகள் குறைந்தும், மகிழ்ச்சியும் வாழ்வில் நிறைவும் மிகுந்தும் காணப்பட்டன. ஆயின் ஒன்று நினைவிற் கொள்ளத் தக்கது. நலமுடையோரே பொழுதுபோக்கினை மேற்கொள்ள வல்லராதலும் கூடும். ஆதலின் இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை முற்றும் நிறுவாது. வேறு வகைச் சான்றும் உண்டு. ரோஜர் அல்ரிச் என்பார் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டோருள், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினர் என்று காட்டினார். 2022-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியார் 1,292 பேரிடம் கைப்பேசி வாயிலாக நாளிற் பலமுறை வினவி, பறவையைக் கண்ட அல்லது கேட்ட பொழுதுகளில் அவர்தம் மனநிலை மேம்பட்டிருந்தது என அறிந்தனர். மனச்சோர்வு நோயுடையோரிடையும் அது காணப்பட்டது.

இவ்வகையில் நம் மாவட்டத்தார் பெரும்பேறு பெற்றவர். பறவை நோக்குவோர் தொலைநாட்டினின்றும் தேடிவரும் பழவேற்காட்டு ஏரி கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் அருகிலேயே உள்ளது. ஒடிசாவின் சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அதுவே. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. 1613-இல் டச்சுக்காரர் அக்கரையில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். பனிக்காலத்தில் பூநாரைகள் அங்கே வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்த் திரண்டு நின்று, தலையைக் கவிழ்த்து, அலகினால் நீரை வடித்து இரை உண்ணும் காட்சி காணத்தக்கது. கூழைக்கடாக்களும், உள்ளான் இனங்களும், ஆலாக்களும் உடன் உறையும். வடபுலத்தின் கடுங்குளிரை நீங்கி வலசை வரும் பறவைகள் பல இவற்றுள் உள்ளன. இப்பறவைச் செலவு தமிழர் அறியாததன்று. நாரையை விளித்துப் பாடிய சத்திமுற்றப் புலவர், அது பேடையோடு தென்றிசைக் குமரிக்குச் சென்று வடதிசைக்கு மீளும் என்பதனைத் தம் செய்யுளுள் அமைத்தமை, பறவையின் போக்குவரவினை அவர் கூர்ந்து நோக்கியவர் என்பதற்குச் சான்றாகும்.

எம் உறவினர் ஒருவர் அவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் நெடுங்காலமாக ஷிப்டு வேலை பார்ப்பவர். உறக்கம் சரிவர வாராமையும் எதற்கெடுத்தாலும் சினமும் அவரை வாட்டின. மருத்துவர் மருந்தளித்ததோடு நடக்கவும் சொன்னார்; சில நாள் நடந்து விட்டுவிட்டார். பின்னர் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வார விடுமுறையில் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். இப்பொழுது சிறு குறிப்பேடு ஒன்று வைத்துள்ளார். அதில் நாளும் இடமும் பறவையின் பெயரும் எண்ணிக்கையும் எழுதுகின்றார். பெயர் தெரியாதவற்றிற்கு வால் இவ்வண்ணம், கால் இவ்வண்ணம் எனக் குறித்து எம்மிடம் கேட்பார். பெரும்பாலும் எமக்கும் தெரியாது. இருவரும் நூலைப் புரட்டித் தேடுவோம். நோய் முற்றும் நீங்கிற்று என்று யாம் கூறோம். மருந்தும் தொடர்கின்றது. ஆயின் வீட்டில் அவர் பேசும் பேச்சு மாறியுள்ளது என்று அத்தையார் கூறுகின்றார். அது சிறு பயனன்று.

பொழுதுபோக்கு அறிவுலகிற்கே ஆக்கந் தருவதும் உண்டு. அதற்கும் சான்று இம்மாவட்டத்திலேயே கிடைக்கின்றது. இராபர்ட் புரூஸ் பூட் என்பார் இந்திய நிலவியல் துறையில் 1858-இல் சேர்ந்தவர். பாறைகளை ஆராய்ந்து நிலப்படம் வரைதல் அவர்தம் அலுவல். பழங்கற்கருவிகளைத் தேடுதலோ அவர் தம் விருப்பத்தால் மேற்கொண்டது. 1863 மே திங்களில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் வில்லியம் கிங் என்பாருடன், கொசத்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கண்டார். நாற்பது ஆண்டுக்கு மேலாக அவர் நடந்து நடந்து சேர்த்த தொகுதியைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் பெற்றுக்கொண்டது. 1834-இல் பிறந்த அவர் 1912 வரை வாழ்ந்தார். அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு முதலிய அறிஞர் அகழ்ந்து, அங்குள்ள தொல்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-இல் வெளியிட்டனர். ஒருவருடைய ஓய்வுப்பொழுதின் ஆர்வம் நம் நாட்டு வரலாற்றை எத்துணைத் தொலைவு பின்னே கொண்டுசென்றது, காண்மின்! பூண்டியில் உள்ள தொல்லியல் காட்சியகத்தில் இக்கருவிகளை இன்றும் காணலாம். காணச் செல்வோர் தொல்லிடங்களிற் கிடக்கும் கல்லைக் கையோடு எடுத்து வாராது, கண்டு குறித்து வருதலே முறை.

வெளியே செல்ல இயலாதோர்க்கும் வழியுண்டு. நம் தாய்மார் விடியலில் இடும் கோலத்தையே எடுத்துக்கொள்வோம். குனிந்தும் நகர்ந்தும் இடுவதால் உடல் இயங்குகின்றது. புள்ளி தவறாது இழையை மீட்டுக் கொணர்வதால் கருத்து ஒருமுகப்படுகின்றது. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியற் பேராசிரியராய் இருந்த கிப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும், 1970-களில் இக்கோலங்களின் அமைப்பைக் கணினி மொழியிலக்கணத்தோடு பொருத்தி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். வீட்டு வாயிலில் நாள்தோறும் மிதித்துச் செல்லும் ஒன்றினுள் இத்துணை நுட்பம் உண்டென்பதை அவர்கள் உலகறியச் செய்தனர். வாடகை வீட்டின் மாடியில் நான்கு தொட்டிகளில் கீரை விதைத்தலும் இத்தகையதே.

நிற்க, எச்சரிக்கையாய் இருக்கவேண்டியனவும் சில உள. முதலாவது, பொழுதுபோக்கு உறக்கத்தை உண்ணுதல் கூடாது. நம் உடலினுள் பகலிரவை அறிந்து இயங்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதன் நுட்பத்தைக் கண்டறிந்த மூவர்க்கு 2017-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இரவு ஷிப்டு அக்கடிகாரத்தைக் குலைக்கின்றது. காலை வெயிலில் நெடுநேரம் திரியின், அதன்பின் வரவேண்டிய உறக்கம் மேலும் தள்ளிப்போகும். ஆதலின் இரவு வேலை முடித்தோர் முதலில் உறங்கி, மாலையிலேயே தம் விருப்பத் தொழிலை மேற்கொள்வது நன்று. இரண்டாவது, பொருட்செலவு. விலையுயர்ந்த படக்கருவியைக் கடனுக்கு வாங்கித் தொடங்கும் பொழுதுபோக்கு கவலையைக் குறைக்காது, கூட்டும். மூன்றாவது, பிறர் மெச்ச வேண்டுமென்று செய்வது. எடுத்த படத்தை எத்தனை பேர் விரும்பினர் என்று நிமிடந்தோறும் நோக்குவோன் மீண்டும் ஒரு மேற்பார்வையாளனைத் தேடிக்கொண்டவனே ஆவான். நான்காவது, பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் எவ்வடிவில் வரினும் இக்கட்டுரை கூறும் பொழுதுபோக்கினுள் அடங்கா.

இவற்றினும் முதன்மையான ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. தொழிலாளியின் சோர்வுக்கெல்லாம் பொழுதுபோக்கே மருந்து என்று சொல்லிக் கைகழுவிவிடுதல் அறமாகாது. கூலி போதாமைக்குக் கோலம் மருந்தன்று. இரட்டை ஷிப்டுக்குப் பறவை நோக்குதல் மருந்தன்று. ஓய்வு நேரம் இருந்தாலன்றோ அதனை நன்கு பயன்படுத்துவது? பலநாள் நீங்காத துயரமும், உறக்கமின்மையும், வாழ்வில் வெறுப்பும் உடையோர் தயங்காது மருத்துவரை நாடுதல் வேண்டும். பொழுதுபோக்கு மருத்துவத்திற்குத் துணையாய் நிற்கும். அதன் இடத்தைப் பிடிக்காது.

இனித் தொடங்குவது எங்ஙனம்? இளமையில் எதனை விரும்பிச் செய்தோம் என்று நினைவுகூர்தல் முதற்படி. விட்ட இடத்தினின்று தொடங்குதல் புதியதொன்றைத் தேடுவதினும் எளிது. நாளொன்றுக்குக் கால் மணி நேரமே ஒதுக்குக. வாரம் ஒருமுறை சற்று நீண்ட பொழுது கொள்க. இயலுமாயின் ஒரு துணையைச் சேர்த்துக்கொள்க. தனியே தொடங்குவோர் விடுதல் எளிது, காத்திருக்கும் நண்பரை உடையோர் விடுதல் அரிது. கண்டதையும் செய்ததையும் ஒரு வரியேனும் குறித்து வைக்க. ஷிப்டு மாறும் வாரங்களில் ஒழுங்கு குலைவது இயல்பே. அதற்காக முழுதும் கைவிட வேண்டுவதில்லை.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று 2015 முதல் நடைபெற்று வருகின்றது. புலவர், பாமரர் என்னும் வேறுபாடின்றி எவரும் அதிற் கலந்துகொள்ளலாம். தம் வீட்டு முற்றத்திலோ ஊர் ஏரிக்கரையிலோ சிறிது நேரம் நின்று கண்ட பறவைகளை எண்ணிப் பதிந்தாற் போதும். வருகின்ற பொங்கலில் நம் கல்லூரி மாணவர் சிலர் பொன்னேரிக்கு மின்தொடரில் சென்று, அங்கிருந்து பழவேற்காட்டுக் கரையில் நின்று எண்ணத் துணிந்துள்ளோம். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் பணியாற்றும் நம் பழைய மாணவர்கள் தத்தம் இல்லத்தாரோடும் உடன் வேலை செய்வோரோடும் வந்து எம்மோடு சேர்தல் வேண்டுமென அன்போடு அழைக்கின்றோம். இரவு ஷிப்டு முடித்து வருவோர் உறங்கி எழுந்து மாலையில் வந்தாலும் போதும். மாலையிலும் கரையில் பறவைகள் இருக்கும்.